துய்னா படிக்கக் கிளம்புமுன்

பிசியோதெரபி முடித்தவர்கள், இயற்கை மருத்துவம் படித்தவர்கள், அக்குபங்சர் கிளினிக் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சீனாவுக்குப் போய் துய்னா படித்துவிட்டு வந்தால் என்ன?" துய்னா என்பது சீன மரபு மருத்துவத்தில் கையால் மட்டுமே செய்யும் சிகிச்சை. ஊசி கிடையாது, கஷாயம் கிடையாது. தள்ளுவது, பிடிப்பது, உருட்டுவது, அழுத்துவது, மூட்டை அசைத்துவிடுவது என்று எல்லாமே கைதான்.

படிக்கப் போவதில் தப்பில்லை. ஆனால் கேட்பவர்களோடு கொஞ்ச நேரம் பேசினால், அவர்கள் மனதில் இருப்பதில் பாதி விளம்பரத்திலிருந்து வந்தது, மீதி சினிமாவிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். விமான டிக்கெட் போடுவதற்கு முன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

"மசாஜ்தானே, பதினைந்து நாளில் கற்றுக்கொள்ளலாம்"

சீன மருத்துவமனையில் துய்னா செய்பவர் டாக்டர். ஐந்து வருடப் பட்டப்படிப்பு முடித்து, அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கியவர். அந்தப் பட்டத்தின் பெயரிலேயே அக்குபங்சரும் துய்னாவும் சேர்ந்தே வரும். உடற்கூறியல், நோய் கண்டறிதல், மரபு மருத்துவக் கோட்பாடு, வார்டு பயிற்சி எல்லாம் உண்டு. இத்தனைக்கும் நடுவில் கையைப் பழக்குவதற்கென்று தனிப் பாடம் ஒன்று இருக்கிறது. அது மனிதர்கள் மேல் தொடங்குவதில்லை, அரிசிப் பையின் மேல் தொடங்குகிறது.

தலையணையைவிடச் சிறிய துணிப் பை. அதில் அரிசியை இறுக்கி அடைத்துத் தைத்திருப்பார்கள். மாணவர் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு தோளைத் தளர்த்தி, முழங்கையைத் தொங்கவிட்டு, கட்டைவிரல் நுனியை ஒரு புள்ளியில் ஊன்றி மணிக்கட்டை ஆட்ட வேண்டும். நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை. விரல் நுனி இடம்விட்டு நகரக் கூடாது, பையின் துணியில் தேயவும் கூடாது, வேகமும் மாறக் கூடாது. இதற்கு 'ஒற்றை விரல் தியானத் தள்ளல்' என்று பெயர். முதல் வாரத்தில் கட்டைவிரல் மூட்டு வீங்கும், தோள் இறுகும். பழகப் பழகப் பையைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். தளர்ந்த பையில் அதே தாளத்தைப் பிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் மனிதச் சதையும் அப்படித்தான் நழுவும்.

அடுத்தது உருட்டல். முதுகு, இடுப்பு, தொடை போன்ற பெரிய தசைகளுக்கு இதைவிட நல்ல முறை துய்னாவில் இல்லை என்பேன். சுண்டுவிரல் பக்கமாகப் புறங்கையை நோயாளியின் உடலில் பதித்து, முன்கையின் சுழற்சியும் மணிக்கட்டின் மடக்கலும் ஒரே அசைவாகச் சேரும்படி கையை முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சப்பாத்திக் கட்டை மாவின்மேல் உருளுமே தவிர இழுபடாது அல்லவா, அதுபோலக் கை தோலில் உரசவே கூடாது. முன்னே போகும்போது மூன்று பங்கு அழுத்தம், திரும்பும்போது ஒரு பங்கு. புதிதாகக் கற்பவர் எல்லாருக்கும் கை உரசத்தான் செய்யும், புறங்கைத் தோல் உரியத்தான் செய்யும். இந்த முறைக்கு வயது ஒன்றும் ஆயிரக்கணக்கில் இல்லை. ஒற்றை விரல் முறையில் பேர்பெற்ற யாங்ஜோ மரபுக் குடும்பத்தில் பிறந்த டிங் ஜிஃபெங், கட்டைவிரல் நுனி படும் இடம் மிகச் சிறியதாக இருக்கிறதே என்று யோசித்து, 1940-களில் ஷாங்காயில் உருவாக்கியது இது. இன்று சீனா முழுவதும் பாடநூலில் இருக்கிறது.

சீன ஆசிரியர்கள் ஒரு நல்ல கைக்கு நான்கு தன்மைகள் வேண்டும் என்பார்கள்: நீடித்திருக்க வேண்டும், வலு வேண்டும், சீராக இருக்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் விசை ஆழத்துக்குப் போகும். வலுவை மட்டும் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். நம்மூர் பிசியோக்களிலும் உண்டு.

அப்படியானால் குறுகிய காலப் படிப்பு வீணா? இல்லை. 1975-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளை ஒட்டி பெய்ஜிங், ஷாங்காய், நான்ஜிங் ஆகிய மூன்று ஊர்களில் வெளிநாட்டவருக்கான அக்குபங்சர் பயிற்சி மையங்களைச் சீனா தொடங்கியது. ஏற்கெனவே மருத்துவம் தெரிந்தவர்களுக்குச் சில மாதங்களில் பயிற்சி தரும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. 2010-இல் அதே நிறுவனம் துய்னா பயிற்சிக்கென்றே வெளியிட்ட அளவுகோல் நூலும், மருத்துவப் பின்னணி இல்லாதவருக்கு ஒரு பாதை, ஏற்கெனவே மருத்துவத் துறையில் இருப்பவருக்கு இன்னொரு பாதை என்று பிரித்தே பேசுகிறது. உடற்கூறியல் தெரிந்த பிசியோ ஒருவர் மூன்று மாதம் போனால் இரண்டு மூன்று அடிப்படை அசைவுகள் கையில் ஏறும். பயிற்சியை எப்படித் தொடர வேண்டும் என்பதும் பிடிபடும். ஊருக்குத் திரும்பிய பிறகு அரிசிப் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டால் அந்த மூன்று மாதமும் போச்சு.

"இது போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன கலைதானே!"

தமிழ்நாட்டில் துய்னா பற்றி வாயைத் திறந்தாலே இது வந்துவிடும். 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். 'நம் வர்மத்தையும் தொக்கணத்தையும்தான் சீனாக்காரன் எடுத்துக்கொண்டு போய் நமக்கே திருப்பி விற்கிறான்' என்று மேடைபோட்டுப் பேசுபவர்களும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் நிதானமாக ஆண்டுகளைப் பார்ப்போம். போதிதர்மர் சீனாவுக்குப் போனதாகச் சொல்லப்படுவது கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சீனாவின் சாங்ஷா நகரத்துக்கு அருகே மவாங்டுயி என்ற இடத்தில் 1973-இல் தோண்டிய கல்லறை கி.மு. 168-இல் மூடப்பட்டது. அதற்குள் பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் இருந்தன. உடலைத் தேய்த்தும் அழுத்தியும் நோய் தீர்க்கும் முறைகள் அவற்றில் இருக்கின்றன. உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள் வரைந்த பட்டுச்சீலை ஒன்றும் கிடைத்தது. ஹான் காலத்தில் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு திசையைச் சொல்கிறது: கல் ஊசி கிழக்கிலிருந்து, மருந்து மேற்கிலிருந்து, சூட்டுச் சிகிச்சை வடக்கிலிருந்து, நுண்ணூசி தெற்கிலிருந்து. மசாஜும் உடற்பயிற்சியும் மட்டும் நடு நாட்டிலிருந்து, அதாவது சீனாவின் மையத்திலிருந்து. போதிதர்மர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது அவர்கள் ஊர் வைத்தியம்.

பிறகு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு சுவையான காரணம் இருக்கிறது. துய்னா மாணவர்கள் தங்கள் உடலை வலுப்படுத்தச் செய்யும் பயிற்சிகளில் ஒன்றின் பெயர் 'யி ஜின் ஜிங்'. தசைநாண்களை மாற்றும் நூல் என்று பொருள். இந்த நூலின் முன்னுரை, இதை எழுதியவர் போதிதர்மரே என்கிறது. முன்னுரையில் கையெழுத்துப் போட்டிருப்பவர் 7-ஆம் நூற்றாண்டுத் தளபதி லி ஜிங். அவருக்கு இந்த நூலைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், சுருள்தாடி வீரன் என்ற கதாபாத்திரம். அவன் தாங் காலத்துக் கதை ஒன்றில் வரும் கற்பனை மனிதன்! கதையில் வருபவன் எப்படி நிஜத் தளபதியிடம் புத்தகம் கொடுத்தான் என்று சீன அறிஞர்களே எப்போதோ கேட்டுச் சிரித்துவிட்டார்கள். நூல் உண்மையில் மிங் காலத்தின் கடைசிப் பகுதியில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்பதுதான் இன்றைய வரலாற்றாய்வாளர்களின் முடிவு. போதிதர்மரின் ஊரே விவாதத்துக்குரியதுதான். 547-இல் யாங் சுவான்ஜி எழுதிய லுவோயாங் கோயில்களைப் பற்றிய நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. எப்படியானாலும், அவர் மசாஜ் கற்றுக்கொடுத்ததாக இந்தப் பழைய குறிப்புகள் சொல்லவில்லை.

இந்தியாவுக்கும் சீன மசாஜுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் மேடையில் பேசுவதில்லை. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் சுன் சிமியாவ் தன் பெருநூலில் 'தியான்சு நாட்டு மசாஜ்' என்று 18 அசைவுகளை எழுதிவைத்திருக்கிறார். தியான்சு என்றால் இந்தியா. 'இது பிராமணர் முறை' என்றும் குறிப்பிடுகிறார். கையைப் பிசைவது, உடலை இரு பக்கமும் திருப்புவது, முதுகைத் தட்டிக்கொள்வது என்று எல்லாம் தனக்குத்தானே செய்துகொள்பவை. பார்த்தால் யோகாசனத்துக்கு உறவு மாதிரித் தெரியும். கடன் வாங்கியவர் கடன் என்று பெயர்போட்டே எழுதிவைத்திருக்கிறார்.

சித்த மருத்துவத்தின் தொக்கணம் தனி மரபு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. மனித உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் அசைவுகள் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவதாலேயே ஒன்று மற்றொன்றின் பிள்ளையாகிவிடாது. தொக்கணம் ஏற்கெனவே தெரிந்தவர் துய்னா படிக்கப் போனால் பாதி வேலை மிச்சம் என்பது மட்டும் உண்மை.

"மூவாயிரம் வருடமாக அறுபடாத மரபு"

படிப்பு நடத்துபவர்களின் விளம்பரத்தில் இது தவறாமல் இருக்கும். மரபு பழையது என்பது சரி, அறுபடாதது என்பது சரியில்லை. தாங் காலத்து அரசு மருத்துவப் பள்ளியில் மருந்து, ஊசி, மந்திரம் ஆகியவற்றோடு மசாஜுக்கும் தனித்துறை இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் அரசுச் சம்பளத்தில் இருந்தார்கள். 1571-இல் மிங் அரசு அந்தத் துறையை மூடிவிட்டது. அதன் பிறகு பெரியவர்களுக்கான மசாஜ் நாவிதர்களிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் குடும்பச் சொத்தாக ஒதுங்கியது. குழந்தைகளுக்கான மசாஜ் மட்டும் நூல்களில் தழைத்தது. 'துய்னா' என்ற பெயரே அந்தக் குழந்தை வைத்திய நூல்கள் வழியாகத்தான் நிலைபெற்றது.

இன்று நீங்கள் போய்ப் படிக்கப்போகும் துய்னா, கம்யூனிஸ்ட் அரசு 1950-களில் திரட்டிக் கட்டியது. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய இடங்களில் மரபு மருத்துவக் கல்லூரிகள் திறந்தன. அதே ஆண்டு ஷாங்காயில் துய்னா பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஜு சுன்திங் போன்ற குடும்ப மரபு வைத்தியர்களை அழைத்து ஆசிரியர்களாக உட்காரவைத்து, அவர்கள் கையில் இருந்ததைப் பாடநூலாக எழுதவைத்தார்கள். ஒற்றை விரல் மரபு, உருட்டல் மரபு, உள்வலு மரபு என்று தனித்தனியாக இருந்தவை ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தன. 'புராதனம்' என்று நினைத்துப் போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கென்னவோ இதுதான் அதன் பலம் என்று படுகிறது. எந்தக் கோணம், என்ன வேகம், எவ்வளவு நேரம் என்று எழுத்தில் இருப்பதால்தான் வெளியூர்க்காரரும் அதைக் கற்க முடிகிறது.

"ஸ்பாவில் செய்வதும் இதுதான்"

சீனாவிலேயே இந்தக் குழப்பம் உண்டு. தெருவுக்குத் தெரு பாதமசாஜ் கடைகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருபவர் அல்ல, அசதி போக்குபவர். மருத்துவமனையின் துய்னா ஓ.பி. வேறு உலகம். வெளிச்சமான கூடம், வரிசையாகக் கட்டில்கள். நோயாளி சட்டையைக் கழற்றுவதில்லை, உடுத்திய துணியோடு படுப்பார். டாக்டர் அவர்மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து அதன் மேலேதான் கை வைப்பார். எண்ணெய் பெரும்பாலும் கிடையாது, மங்கலான விளக்கும் மெல்லிசையும் கிடையவே கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு நோயாளி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். இருபது நிமிடத்தில் எழுந்து போவார், அடுத்தவர் வந்து படுப்பார்.

இடையில் மூன்றாவது ஒரு கூட்டமும் இருக்கிறது: பார்வையற்ற மசாஜ் பணியாளர்கள். சீனாவில் பார்வையற்றோருக்கான முக்கியத் தொழில் இது. அவர்களில் மருத்துவ மசாஜ் செய்பவர்களுக்கென்று 2009-இல் அரசு தனி விதிமுறையே கொண்டுவந்தது. அவர்களுடைய வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்க்க விரும்புபவர்களுக்கு பி ஃபெய்யுவின் 'துய்னா' நாவலைச் சொல்வேன். நான்ஜிங்கில் நடக்கும் கதை, 2011-இல் மாவ் துன் இலக்கியப் பரிசு பெற்றது. துய்னா படிக்கப் போகிறவர் பாடநூலுக்கு முன்னால் இதைப் படித்தாலும் தப்பில்லை.

"சீனச் சர்ட்டிபிகேட் இருந்தால் ஊரில் போர்டு மாட்டலாம்"

அதிகப் பணம் தொலைவது இந்த நம்பிக்கையில்தான்.

இந்தியாவில் ஆயுஷ் குடையின் கீழ் இருப்பவை ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி. சீன மரபு மருத்துவம் இந்தப் பட்டியலில் இல்லை. அக்குபங்சருக்காவது 2003-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 'சிகிச்சை முறை' என்ற இடத்தைக் கொடுத்தது. மகாராஷ்டிரா 2015-இல் தனிச் சட்டமே இயற்றியது. துய்னாவுக்கு அந்த அளவுகூட இல்லை. ஆகவே சீனாவில் ஐந்து வருடம் படித்துப் பட்டமே வாங்கிவந்தாலும், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து இங்கே மருத்துவர் என்று பதிவு செய்துகொள்ள வழியில்லை. எம்.பி.பி.எஸ். படிக்கச் சீனாவுக்குப் போவதும் இதுவும் வேறு வேறு. ஏஜென்ட்டுகள் இரண்டையும் கலந்து பேசுவார்கள், ஜாக்கிரதை.

மற்ற நாடுகளிலும் கதை நேர்கோடாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் சீன மருத்துவர்களுக்கு நாடு தழுவிய பதிவு இருக்கிறது. ஆனால் பதிவின் பிரிவுகள் அக்குபங்சர், மூலிகை சார்ந்தவை. துய்னாவுக்கென்று தனிப் பிரிவு இல்லை. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் மரபு மருத்துவச் சட்டத்தில் சீன மருத்துவமும் உண்டு, இந்திய மரபு மருத்துவமும் உண்டு. அங்குள்ள தமிழர்கள் எந்தப் பிரிவில், எந்தத் தகுதியோடு பதிவு செய்யலாம் என்பதை மலேசிய சுகாதார அமைச்சகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கல்லூரியைத் தேடுவதே முறை. கல்லூரியைப் பிடித்துவிட்டுச் சட்டத்தைத் தேடினால் தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் யார் போகலாம்? ஊரில் ஏற்கெனவே உரிமம் இருப்பவர். இதற்கு நல்ல முன்னுதாரணம் ஒருவர் இருக்கிறார். 1938-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் ஐந்து டாக்டர்கள். துவாரகாநாத் கோட்னிஸ் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதே குழுவில் இருந்த இன்னொருவர் பிஜய் குமார் பாசு. 1950-களின் இறுதியில் அவர் திரும்பவும் சீனாவுக்குப் போய் அக்குபங்சர் கற்று, கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் அங்கே டாக்டர் ஆகப் போகவில்லை. டாக்டராகப் போய் ஒரு கைவேலையைக் கூடுதலாகக் கற்றுவந்தார். பிசியோதெரபிஸ்டாகவோ, இயற்கை மருத்துவராகவோ, சித்த மருத்துவராகவோ பதிவு பெற்ற ஒருவர் தன் தொழிலின் எல்லைக்குள் துய்னா அசைவுகளைப் பயன்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. போர்டில் அவருடைய பழைய பட்டம்தான் இருக்கும், கைதான் புதிது.

"மொழி தெரியாவிட்டால் என்ன, கை பேசுமே"

வகுப்பறைக்கு இது ஓரளவு சரி. ஆங்கிலத்தில் நடத்தும் படிப்புகள் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளர் வருவார். ஓ.பி.யில்தான் சிக்கல். நோயாளி வலியை விவரிக்கும் பத்து நிமிடத்தை மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியமாகச் சுருக்குவார்: "இடுப்பு வலிக்கிறதாம்." எப்போது தொடங்கியது, இருமினால் கூடுகிறதா, கால் மரத்துப்போகிறதா என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். சீன மொழியில் பட்டப்படிப்புக்குச் சேர எச்.எஸ்.கே. மொழித்தேர்வில் நான்காம் நிலையோ ஐந்தாம் நிலையோ கேட்பார்கள். மூன்று மாதப் படிப்புக்கு அது வேண்டாம். ஆனாலும் வலி, மரத்துப்போதல், எரிச்சல், எத்தனை நாள், மெதுவா பலமா என்ற அளவுக்காவது பேசக் கற்றுக்கொண்டு போனால் கிடைப்பது இரட்டிப்பாகும். விசாவில் ஒரு சின்ன விஷயம்: 180 நாளுக்கு மேல் படிப்பு என்றால் எக்ஸ்-1, அதற்குள் என்றால் எக்ஸ்-2. டூரிஸ்ட் விசாவில் போய் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள்.

"குழந்தைக்கும் இதேதான், அழுத்தம் மட்டும் கம்மி"

இல்லை. குழந்தைகளுக்கான துய்னா ஏறக்குறைய தனிப் பாடம். பெரும்பாலும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பெரியவர்களுக்கு உடல் முழுக்கப் பரவிய புள்ளிகள் என்றால், குழந்தைக்குப் பாதி வரைபடம் கையிலேயே இருக்கிறது: கட்டைவிரல் மண்ணீரலுக்கு, ஆள்காட்டி விரல் கல்லீரலுக்கு, நடுவிரல் இதயத்துக்கு, மோதிர விரல் நுரையீரலுக்கு, சுண்டுவிரல் சிறுநீரகத்துக்கு. தோல் தேயாமல் இருக்க டால்கம் பவுடர், இஞ்சிச் சாறு, நல்லெண்ணெய் என்று ஏதாவது தொட்டுக்கொள்வார்கள். முதுகுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, வால் எலும்பிலிருந்து கழுத்துவரை உருட்டிக்கொண்டே போகும் முறை ஒன்று உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய அவசர வைத்திய நூலில் வயிற்றுவலிக்கு அது சொல்லப்பட்டிருக்கிறது.

நம்மூர்ப் பாட்டிமார் உரம் எடுப்பதையும் தொக்கம் எடுப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். அங்கேதான் ஆபத்தும். காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கும் குழந்தையின் விரலைத் தேய்த்துக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது. விரலுக்கும் கல்லீரலுக்கும் இடையே அப்படி ஒரு கம்பி ஓடுவதாக உடற்கூறியல் சொல்வதில்லை.

"வலித்தால்தான் வேலை செய்கிறது"

நோயாளிகளே இதை விரும்பிக் கேட்பார்கள். 'நல்லா அழுத்துங்க டாக்டர், அப்பதான் விடும்.' ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை என்று சீன வைத்தியத்தில் ஒரு சொலவடை உண்டு. வலியைக் கொடுத்துத்தான் ஓட்டத்தை வரவழைக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நல்ல ஆசிரியர் முதலில் பத்து நிமிடம் மெதுவாக உருட்டித் தசையைத் தளர்த்துவார், அதற்குப் பிறகுதான் ஆழமான புள்ளிக்குப் போவார். தசை பயந்து இறுகிக்கொண்டால் விசை உள்ளே போகாது. அடுத்த நாள் கருநீலக் கன்றலோடு வரும் நோயாளிக்குச் சிகிச்சை நடந்ததற்கு அது அடையாளமல்ல, தந்துகி நாளங்கள் உடைந்ததற்கு அடையாளம்.

சொடக்கு விவகாரமும் இப்படித்தான். கழுத்திலோ இடுப்பிலோ 'டக்'கென்று சத்தம் வந்தால் 'எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது' என்று நம்புகிறோம். மூட்டைச் சட்டென்று விரிக்கும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக்குழி உருவாவதை 2015-இல் எம்.ஆர்.ஐ. படமாகவே எடுத்துக் காட்டினார்கள். எலும்பு எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் திரும்பி வரவும் இல்லை. ஜவ்வு விலகலைக் கையால் உள்ளே தள்ளிவிட்டேன் என்பதும் அதே ரகம். பிதுங்கிய டிஸ்க் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கும். அந்த மாதங்களில் யார் கை பட்டதோ அவருக்குப் பேர் கிடைத்துவிடும்.

"எல்லாம் குணமாகும்" என்பவரும், "எல்லாம் ஏமாற்று" என்பவரும்

இடுப்பு வலிக்கு மசாஜ் பற்றி 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 2015-இல் வந்தது. சுருக்கமாகச் சொன்னால்: குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, நீண்ட காலப் பலன் தெளிவாக இல்லை, ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு. இதை வைத்துக்கொண்டு யாரும் வெற்றிக்கொடி நாட்ட முடியாது. சில நாள் வலி குறைந்தால் அந்த இடைவெளியில் நோயாளியை எழுப்பி நடக்கவைக்கலாம், பயிற்சி செய்யவைக்கலாம். பிசியோவுக்கு அது சின்ன லாபமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று நோய்ப்பட்டியல் ஒட்டிய கிளினிக்கில் படிக்கப் போகிறீர்கள் என்றால் வாசலிலேயே திரும்பிவிடுவது உத்தமம்.

சி எனப்படும் உயிராற்றல், அது ஓடும் நாடிப்பாதைகள் போன்ற கோட்பாடுகளை அங்கே தேர்வில் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பாதைகளை நுண்ணோக்கியில் யாரும் காட்டியதில்லை. புள்ளிகளின் பெயரும் இடமும் ஆசிரியரோடும் சக மாணவரோடும் பேசுவதற்கான பொதுமொழி என்று எடுத்துக்கொண்டு, கீழே இருக்கும் தசையையும் நரம்பையும் கூடவே குறித்துக்கொள்பவர் இரண்டு பக்கமும் தடுமாற மாட்டார்.

"மருந்தில்லையே, பக்கவிளைவு எங்கிருந்து வரும்?"

கையிலிருந்துதான் வரும். எலும்பு முறிவு, புற்றுநோய் பரவிய எலும்பு, கடுமையான எலும்புத் தேய்மானம், காலில் ரத்தக்கட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், தோல் தொற்று, காய்ச்சல் எனக் கை வைக்கக் கூடாத அல்லது யோசித்து வைக்க வேண்டிய பட்டியல் நீளமானது. கர்ப்பிணிகளுக்கு வயிறும் இடுப்பும் கூடாது. கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் ஹெகு, கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் இருக்கும் சன்யின்ஜியாவ் ஆகிய புள்ளிகளைச் சீன மரபே அவர்களுக்கு விலக்கிவைத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் கழுத்துதான் பெரிது. கழுத்தைச் சட்டென்று திருப்பும் அசைவு துய்னாவில் உண்டு, வெளிநாட்டு மாணவர்கள் ஆசையோடு கேட்பதும் அதுதான். கழுத்தெலும்பின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் திருப்ப முடியாது. குறுகிய காலப் படிப்பில் இதைக் கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்பது என் கருத்து. கழுத்துப் பிடிப்புக்கு உருட்டலும் பிடித்தலுமே பெரும்பாலும் போதும்.

இடுப்பு வலியோடு வருபவரிடம் கட்டிலில் படுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள், நான்ஜிங்கில் படித்தவருக்கும் நாகர்கோவிலில் படித்தவருக்கும் ஒன்றுதான். சிறுநீர் போவதில் சிரமமா, தொடை இடுக்கில் மரத்துப்போயிருக்கிறதா, இரண்டு காலும் தளர்கிறதா? இதில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் உருட்டல் எல்லாம் பிறகு. அன்றே எம்.ஆர்.ஐ.க்கும் முதுகெலும்பு அறுவை நிபுணருக்கும் எழுதிக்கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட வேண்டும்.